சுவரும் சாளரமும்

வீடு என்னும் சொல்லைக் கேட்டவுடன் நம் மனக்கண்முன் வந்து நிற்பவை சுவரும் கூரையும் ஆகும். அவற்றிற்கு அடுத்தபடியாக வாயிலை நினைக்கிறோம். வாயிலுக்குக் கோலம் உண்டு, தோரணம் உண்டு, நிலை வைக்கும் நாளில் மஞ்சளும் குங்குமமும் பூவும் உண்டு. சாளரத்திற்கோ இத்தகைய சிறப்பு எதுவும் இல்லை. ஆயினும் ஒரு வீட்டில் வாழ்வோர் வெளிச்சத்தில் வாழ்கிறார்களா, இருளில் வாழ்கிறார்களா என்பதை முடிவு செய்வது அதுவே. சாளரத்தைச் சுவரில் எங்கே வைத்தார்கள், எவ்வளவு பெரிதாக வைத்தார்கள், எதற்கு அஞ்சிச் சிறிதாக வைத்தார்கள் என்று கேட்டுக்கொண்டே சென்றால், ஒரு நாட்டின் வரலாறே அந்தத் திறப்பின் வழியாகத் தெரியத் தொடங்கும். கிருஷ்ணகிரி மாவட்டத்து நாகரசம்பட்டியையும் அதனைச் சூழ்ந்த நாட்டையும் சான்றாகக் கொண்டு அவ்வரலாற்றைச் சிறிது சொல்ல விரும்புகிறேன்.

முதலில் பெயர்களைப் பார்ப்போம். பழந்தமிழில் சாளரத்திற்குக் காலதர் என்று ஒரு பெயர் உண்டு. கால் என்றால் காற்று. அதர் என்றால் வழி. காற்று வரும் வழி என்பதே அதன் பொருள். பலகணி என்பது மற்றொரு பெயர். பல கண்களை உடையது என்பது பொருள். சிலப்பதிகாரம் புகார் நகரத்து மாளிகைகளின் காலதரை மானின் கண்ணோடு ஒப்பிடுகிறது. வடமொழியில் கவாக்ஷம் என்னும் சொல் பசுவின் கண் என்று பொருள்படும். ஆங்கிலத்தில் வழங்கும் விண்டோ என்னும் சொல்லோ, வடஐரோப்பியரின் பழைய மொழியில் காற்றின் கண் என்று பொருள்படும் சொல்லிலிருந்து பிறந்தது. ஒருவரை ஒருவர் அறியாத மக்கள் எல்லாரும் சாளரத்தைக் கண்ணென்றே கண்டிருக்கிறார்கள். இன்று நாம் வழங்கும் ஜன்னல் என்னும் சொல் போர்த்துக்கீசியர் கொண்டுவந்தது. ஓசூர்ப் பக்கத்தில் தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே தெருவில் ஒலிக்கின்றன. அங்கே ஜன்னல் என்பாரும் உளர், கிடிகி என்பாரும் உளர். ஒரு சொல் கடல் கடந்து வந்தது. மற்றொன்று வடக்கிலிருந்து வந்தது. சுவர் மட்டும் இந்த மண்ணின் சுவராகவே இருந்தது.

அந்த மண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டும். நாகரசம்பட்டி, போச்சம்பள்ளி வட்டத்தில் உள்ள சிறிய பேரூர். மாந்தோப்புகளும் ஏரிகளும் பாறைக் குன்றுகளும் நிறைந்த நாடு அது. எங்கே தோண்டினாலும் செம்மண்; சற்று ஆழமாகத் தோண்டினால் கருங்கல். ஆகவே இப்பக்கத்து மக்கள் மண்ணையும் கல்லையும் கொண்டே வீடு கட்டினார்கள். இப்பகுதியின் பழைய தெருக்களில் நான் நடந்து பார்த்தபோது, எஞ்சி நிற்கும் வீடுகளில் முதலில் என் கண்ணைக் கவர்ந்தது சுவரின் கனமே. ஒன்றரை அடி, சில இடங்களில் இரண்டு அடி. அத்தகைய சுவரில் ஒரு பையன் ஏறி உட்கார்ந்து பாடம் படிக்கும் அளவுக்குச் சாளரத்தின் உட்புறம் அகன்றிருக்கும். அதற்கு அப்பால், கைக்குட்டை அளவுக்குச் சிறியதாக வானம் தெரியும்.

கல்லிலே திறப்பு அமைக்கும் கலை இந்நாட்டிற்குப் புதியதன்று. இம்மாவட்டத்து மல்லசந்திரத்தில் இரும்புக் காலத்து மக்கள் எடுத்த கற்றிட்டைகள் குன்றின்மேல் கூட்டம் கூட்டமாக நிற்கின்றன. பலகைக் கற்களை நான்கு புறமும் நிறுத்தி, மேலே ஒரு மூடுகல் ஏற்றி, ஒரு பக்கத்துக் கல்லில் வட்டமாகத் துளை இட்டிருக்கிறார்கள். அது காற்றுக்காக இட்ட துளை அன்று. இறந்தோருக்காக எடுத்த கல்வீட்டின் வாய் அது. ஆயினும் உடையாமல் ஒரு கற்பலகையில் வட்டத் துளை இடுவதற்கு எத்தகைய கைத்திறன் வேண்டும் என்பதைக் கல்வேலை அறிந்தவர்கள் அறிவார்கள். இதே மாவட்டத்து மயிலாடும்பாறையில் கிடைத்த இரும்புப் பொருள்களின் காலம் கி.மு. 2172 வரை செல்கிறது என்று 2022-ஆம் ஆண்டில் தமிழக அரசு அறிவித்தது. இரும்பும் கல்லும் இங்கே நெடுங்காலத் துணைவர்கள்.

சங்க காலத்து மக்கள் சாளரத்தைப் பருவத்தோடு இணைத்தே எண்ணினார்கள். நெடுநல்வாடையில், வேனிற்காலத்துப் படுக்கையறைக்குத் தென்றலைக் கொண்டுவரும் சாளரம், கூதிர் காலம் வந்ததும் தாழிட்டு அடைக்கப்படுவதைப் புலவர் காட்டுகிறார். திறப்பதற்கு ஒரு காலம், அடைப்பதற்கு ஒரு காலம் என்னும் அறிவு அன்றே இருந்தது. அப்படியானால், பிற்காலத்துக் கிராம வீடுகளில் சாளரம் ஏன் இவ்வளவு சிறுத்துப் போயிற்று?

காரணங்கள் பல. முதலாவது காரணம் அச்சம். பாராமகால் என்று பெயர் பெற்ற இந்நாடு, மைசூர்ப் பீடபூமியிலிருந்து கீழ்நாட்டுக்கு இறங்கும் வழியில் கிடக்கிறது. படைகள் இதன்வழியே ஏறின, இதன்வழியே இறங்கின. 1791-ஆம் ஆண்டு ஜூலையில் கும்பினியார் இராயக்கோட்டையைப் பிடித்தார்கள். அவ்வாண்டு நவம்பரில் மாக்ஸ்வெல் என்பவரின் படை கிருஷ்ணகிரியைத் தாக்கியது. மேல்கோட்டையைக் கைப்பற்ற இயலாமல் திரும்பியது. 1792-இல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி பாராமகால் திப்பு சுல்தானிடமிருந்து கும்பினிக்குக் கைமாறியது. இவ்வாறு படைகள் வந்து போகும் வழியில் வாழும் மக்கள் தெருப்பக்கம் பெரிய சாளரம் வைப்பார்களா? கோட்டைச் சுவரில் துப்பாக்கி நீட்டும் துளை இருந்தது. குடிமகன் வீட்டுச் சுவரில் அதனினும் சற்றே பெரிய துளை இருந்தது.

இரண்டாவது காரணம் மண்சுவரின் இயல்பு. மண்சுவர் மேலிருந்து வரும் பாரத்தை நன்றாகத் தாங்கும்; ஆனால் வளைக்கும் விசையைத் தாங்காது. அதில் அகலமாகத் திறப்பு வைத்தால், மேலே உள்ள மண் தொங்கி வெடித்துவிடும். மூன்றாவது காரணம் கண்ணாடி இல்லாமை. கண்ணாடி இல்லாத காலத்தில் சாளரத்தைத் திறந்தால் வெளிச்சத்தோடு வெயிலும் தூசியும் மழையும் வரும். அடைத்தால் எல்லாம் போய்விடும். நான்காவது காரணம் மரத்தின் விலை.

அச்சத்தாலும் வறுமையாலும் மட்டும் சாளரம் சிறுத்தது என்று எண்ண வேண்டா. இங்கிலாந்தில் 1696 முதல் 1851 வரை சாளரங்களுக்கு வரி விதித்தார்கள். எத்தனை சாளரமோ அதற்கேற்ற வரி. மக்கள் வரிக்கு அஞ்சி இருந்த சாளரங்களையும் செங்கல் வைத்து அடைத்தார்கள். பிரான்சு நாட்டில் கதவுக்கும் சாளரத்திற்கும் 1798-இல் தொடங்கிய வரி 1926 வரை நீடித்தது. வெளிச்சத்தையும் காற்றையும் விலைகொடுத்து வாங்க வேண்டிய நிலை உலகின் பல பகுதிகளில் இருந்திருக்கிறது.

இருண்ட வீட்டின் தீமையை இந்நாட்டார் உணரும்படி செய்தது ஒரு பெருநோய். 1896-இல் பம்பாயில் தோன்றிய பிளேக், 1898 ஆகஸ்டில் பெங்களூரை அடைந்தது. எல்லைக்கு இப்பால் இருந்த சேலம் மாவட்டமும் அதற்குத் தப்பவில்லை. அதிகாரிகள் நெருக்கமான வீடுகளைத் திறக்கச் செய்தார்கள். கூரை ஓடுகளைக் கூடப் பிரிக்கச் சொன்னார்கள். பெங்களூரில் மல்லேசுவரம், பசவனகுடி முதலிய புதிய பகுதிகள் காற்றும் இடைவெளியும் உடையனவாக வளர்ந்தன. எலியின் உடலில் வாழும் தெள்ளுப்பூச்சியே பிளேக்கைப் பரப்புகிறது என்பதை சிமோன் என்னும் பிரெஞ்சு மருத்துவர் அதே 1898-இல் கண்டறிந்தார். ஆகவே சாளரம் திறப்பதால் மட்டும் பிளேக் போய்விடுவதில்லை. ஆனால் காசநோய் அடைபட்ட காற்றில் வளரும் நோய். அடுப்புப் புகை கண்ணையும் நெஞ்சையும் அரிக்கும் நஞ்சு. சாளரமற்ற சமையலறையில் அந்தப் புகையை உண்டவர்கள் யார்? நம் தாய்மார்களே. தடித்த சுவரின் குளிர்ச்சியைப் போற்றுகிறவர்கள் அதன் உள்ளே கிடந்த இந்த இருளையும் மறக்கலாகாது.

ஆகவே கேள்வி இதுதான்: சுவரின் குளிர்ச்சியை இழக்காமல் காற்றையும் வெளிச்சத்தையும் பெறுவது எப்படி? இதற்கு விடை சொல்லும் கலையே சாளரத்தைச் சுவரில் பதிக்கும் கலை.

தடித்த சுவர் ஏன் குளிர்ச்சியைத் தருகிறது? வெப்பம் சுவரின் ஊடே மெல்ல மெல்லத்தான் நகரும். ஒன்றரை அடி மண்சுவரைக் கடந்து உள்ளே வர ஏறக்குறைய அரை நாள் ஆகிவிடும். நண்பகல் வெயில் உட்புறத்தை அடையும்போது வெளியே இரவு வந்துவிடுகிறது. அப்போது சாளரத்தைத் திறந்து வைத்தால் இரவுக் காற்று அந்த வெப்பத்தை வாரிக்கொண்டு போய்விடும். பகலில் அடைத்து இரவில் திறக்க வேண்டிய சாளரம் இது. சாளரம் இல்லாத தடித்த சுவர், வாங்கிய கடனைத் திருப்பித் தர வழியில்லாத மனிதனைப் போன்றது. வெப்பத்தை வாங்கி வாங்கித் தன்னுள்ளே வைத்துக்கொண்டு தவிக்கும்.

இனி, சட்டத்தைச் சுவரின் கனத்தில் எங்கே நிறுத்துவது? வெளி விளிம்போடு ஒட்டி நிறுத்தலாம், நடுவில் நிறுத்தலாம், உள் விளிம்பருகே நிறுத்தலாம். வெளி விளிம்பில் நிறுத்தினால் உள்ளே அகன்ற திட்டு கிடைக்கும். ஆனால் வெயிலும் மழையும் பலகையின்மேல் நேரே விழும். உள்ளே தள்ளி நிறுத்தினால் சுவரே குடையாகிவிடும். இதற்கு ஒரு கணக்குச் சொல்கிறேன். கிருஷ்ணகிரி நிலநடுக்கோட்டிற்கு வடக்கே ஏறக்குறைய 12½ பாகையில் இருக்கிறது. தெற்கு நோக்கிய சாளரம் ஒன்று 4 அடி உயரம் உடையது. சட்டம் சுவரின் வெளிமுகத்திலிருந்து 1 அடி உள்ளே இருக்கிறது என்று கொள்வோம். மார்ச்சு மாதம் 21-ஆம் நாள் நண்பகலில் மேல்விட்டத்தின் நிழல் 4½ அடிக்கு விழும்; சாளரம் முழுவதும் நிழலில் இருக்கும். டிசம்பர் 22-ஆம் நாள் நண்பகலிலோ நிழல் 1 அடி 5 அங்குல அளவே விழும். எஞ்சிய பகுதியில் இளவெயில் உள்ளே வரும். வெயில் வேண்டாத காலத்தில் தடுத்து, வேண்டிய காலத்தில் வரவேற்கும் இந்தச் செயலைச் சுவரின் கனமே செய்துவிடுகிறது. கோடையில் கதிரவன் வடக்கே சாய்ந்து நிற்கும்போது வடபுறச் சாளரத்திற்கும் இதே ஒரு அடி நிழல் தரப் போதும். கிழக்கிலும் மேற்கிலும் கதிர் தாழ்ந்து நேரே வருமாதலால் இந்தக் குடை பயன்படாது. அங்கே திண்ணையோ மரமோ அடைபலகையோ வேண்டும்.

ஆனால் உள்ளே தள்ளிய சாளரம் வெளிச்சத்தைக் குறைக்குமே என்று கேட்கலாம். உண்மைதான், தடித்த சுவரில் நேராக வெட்டிய திறப்பு குழாயைப் போன்றது. அதற்கும் முன்னோர் வழி கண்டார்கள். திறப்பின் இரு பக்கங்களையும் உட்புறம் நோக்கிச் சரிவாக விரித்துச் சுண்ணாம்பு பூசினார்கள். சிறிய வாயின் வழியே வரும் வெளிச்சம் அந்த வெண்மையான சரிவுகளில் பட்டு அறை முழுவதும் பரவும். ஐரோப்பியக் கோட்டைகளில் அம்பு எய்யும் துளைகளை உட்புறம் விரித்து அமைத்ததும் இம்முறையைப் போன்றதே. அங்கே வில்வீரன் பக்கவாட்டில் நகர இடம் வேண்டும், இங்கே வெளிச்சம் நகர இடம் வேண்டும்.

பதிக்கும்போது இரண்டு இடங்களில் கருத்தூன்ற வேண்டும். ஒன்று மேலே, மற்றொன்று கீழே. மேலே இடும் விட்டம் சுவரின் முழுக் கனத்தையும் தாங்க வேண்டும். ஒரு பலகை போதாது. பல பலகைகளை அடுத்தடுத்து வைக்க வேண்டும், அல்லது ஒரே கல்லாக இட வேண்டும். இந்தியத் தர நிறுவனம் மண் கட்டடங்களை நிலநடுக்கத்திலிருந்து காப்பதற்காக 1993-இல் வகுத்த நெறிகளில், திறப்பின் அகலம் 1.2 மீட்டருக்கு மேற்படலாகாது. மூலையிலிருந்து அத்தனை தொலைவாவது தள்ளியிருக்க வேண்டும். விட்டம் இருபுறமும் சுவருக்குள் அரை மீட்டர் பதிந்திருக்க வேண்டும் என்று கூறப்பட்டுள்ளது. புதிய மண்சுவர் உலரும்போது சிறிது இறங்கும். அந்த இறக்கம் மரச்சட்டத்தின் தலையில் விழாதபடி விட்டத்திற்கும் சட்டத்திற்கும் இடையே சிறிது இடம் விட வேண்டும்.

கீழே உள்ள எதிரி தண்ணீர். மண்சுவர் பெரும்பாலும் அடியிலிருந்தும் சாளரத் திட்டிலிருந்துமே அழியத் தொடங்குகிறது. உள்ளே தள்ளிய சாளரத்திற்கு வெளியே அகன்ற திட்டு இருக்கும்; அதில் மழைநீர் தேங்கினால் சுவரின் நெஞ்சிலே நீர் இறங்கும். ஆகவே திட்டின்மேல் ஒரு கருங்கற் பலகையை வெளிப்புறம் சரிவாக இட்டு, சுவருக்கு வெளியே இரண்டு மூன்று அங்குலம் நீட்டி, அதன் அடிப்புறத்தில் ஒரு காடி வெட்ட வேண்டும். நீர் அந்தக் காடியைத் தாண்டாமல் சொட்டிவிடும். மண்சுவரின்மேல் சிமிட்டிப் பூச்சுப் பூசுவது நன்மை என்று பலர் எண்ணுகிறார்கள். உட்சென்ற ஈரம் வெளியேற வழியின்றி நின்று பூச்சையும் மண்ணையும் சேர்த்தே பிரித்துவிடும். சுண்ணாம்போ மண்ணோ பூசுவதே பொருந்தும்.

குளிர் நாட்டார் இதே சிக்கலை வேறு முகமாகச் சந்தித்தார்கள். ஜெர்மனியில் டார்ம்ஸ்டாட் நகரத்தில் 1991-இல் குடியேறப்பட்ட ஒரு வீட்டு வரிசை, மிகக் குறைந்த எரிபொருளில் வாழ்வதற்கு வழிகாட்டியது. அங்கே சுவர் மிகவும் தடித்தது. வெப்பம் கசியாத பொருளால் போர்த்தப்பட்டது. சட்டத்தை அந்தப் போர்வையின் நடுவே பதித்தார்கள். அவர்கள் உள்ளே உள்ள வெப்பத்தைக் காக்கிறார்கள். நாம் வெளியே உள்ள வெப்பத்தைத் தடுக்கிறோம். நோக்கம் வேறாயினும், சட்டம் நிற்கும் இடம் அறிந்து நிறுத்தப்பட வேண்டும் என்னும் பாடம் ஒன்றே.

நம் பக்கத்திலும் சிந்தித்தவர்கள் உண்டு. இங்கிலாந்தில் 1917-இல் பிறந்து, திருவனந்தபுரத்தில் வாழ்ந்து 2007-இல் மறைந்த லாரி பேக்கர், செங்கல்லைப் பக்கவாட்டில் நிறுத்தி நடுவே வெற்றிடம் விட்டுச் சுவர் எழுப்பும் முறையைப் பரப்பினார். செங்கல்லில் ஏறக்குறைய கால் பங்கு மிச்சம். நடுவே உள்ள காற்று வெப்பத்தைத் தடுக்கும். ஒற்றைப் பலகையை மேலும் கீழும் முளை வைத்துச் சுழலவிட்டு, சட்டமும் கீலும் இல்லாத எளிய சாளரத்தையும் அவர் அமைத்துக் காட்டினார். ஏழைக்குச் சாளரம் எட்டாப் பொருளாக இருக்கலாகாது என்பது அவர் கருத்து.

இன்று இந்த எல்லைப்புறம் மாறிவிட்டது. 1971-இல் நிறுவப்பட்ட சிப்காட் ஓசூரில் தொழிற்பேட்டை அமைத்த பின், ஊர்கள் தொழிற்சாலைகளை நோக்கித் திரும்பின. மண்சுவர்கள் விழுந்தன, மெல்லிய சுவரும் சிமிட்டித் தளமும் எழுந்தன. சாளரங்கள் பெரிதாயின, ஆனால் சுவரின் வெளிமுகத்தோடு ஒட்டி நின்று வெயிலை நேரே வாங்குகின்றன. பக்கவாட்டில் நகரும் கண்ணாடிச் சாளரம் பார்வைக்கு அழகியது; ஆயினும் எத்தனை பெரிதாக இருந்தாலும் ஒரு நேரத்தில் அதில் பாதிதான் திறக்கும். 2018-இல் இந்திய அரசின் எரிசக்திச் சிக்கனச் செயலகம் வீடுகளுக்கென ஒரு நெறியை வெளியிட்டது. அதன்படி வெப்பமும் ஈரமும் மிகுந்த பகுதிகளில், திறக்கக்கூடிய பரப்பு தரைப்பரப்பில் ஆறில் ஒரு பங்காவது வேண்டும். பெங்களூர் போன்ற மிதமான பகுதிகளில் எட்டில் ஒரு பங்கு வேண்டும். தமிழக அரசு குடிசைகளுக்கு மாற்றாக 2024-இல் அறிவித்த கனவு இல்லம் 360 சதுர அடி கொண்டது. அந்த அளவுள்ள வீட்டிற்கு முதற்கணக்கின்படி 60 சதுர அடியும், இரண்டாங்கணக்கின்படி 45 சதுர அடியும் திறக்க வேண்டும். பெரிய வீடு கட்டுவோர்க்கு இது எளிது. 360 சதுர அடியில் வாழ்வோர்க்கே காற்று மிகவும் தேவை. அவர்களுக்கே அது முதலில் குறைக்கப்படுகிறது.

பழைய தடித்த சுவருக்கே அனைவரும் திரும்ப வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அந்தச் சுவரின் பொறுமையும், இந்தக் காலத்துச் சாளரத்தின் தாராளமும் ஒன்றுசேர வேண்டும் என்றே சொல்கிறேன். பழைய வீடு உடையவர்கள் அதனை இடிப்பதற்கு முன், தக்க கொத்தனாரைக் கொண்டு நல்ல விட்டமும் கல் திட்டும் வைத்து ஒரு சாளரத்தைத் திறந்து பார்க்கலாம். புது வீடு கட்டுகிறவர்கள், எங்கே எந்தக் காலத்தில் வெயில் விழுகிறது என்று ஒரு நாள் நின்று பார்த்துவிட்டுச் சட்டத்தை நிறுத்தலாம். இதற்குப் பெரும்பொருள் வேண்டா. சிறிது சிந்தனையே வேண்டும்.

அஞ்சி வாழ்ந்த காலத்தில் நம் முன்னோர் சுவரைத் தடித்ததாக்கிச் சாளரத்தைச் சிறிதாக்கினார்கள். இன்று அந்த அச்சங்கள் இல்லை. காற்று எல்லார்க்கும் பொது என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். அது வந்து நுழையும் வழியையும் எல்லார்க்கும் பொதுவாக்கும்போதுதான் அச்சொல் மெய்யாகும்.